ஏழாம் ரீல்

கைப்பிடி சுற்றுவது என் வேலை.
வேகமாய்ச் சுற்றினால் அமெரிக்கக்காரன் ஓடுவான்,
மெல்லச் சுற்றினால் யோசிப்பான்.
கதை சொல்வது சவரிராயலு.
படம்தான் ஊமை. அவர் இல்லை.

மதராஸில் பழைய விலைக்கு எடுத்த ஏழு டப்பா
மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே
சுங்கச்சாவடி தாண்டி வந்தது.
பிரித்துப் பார்த்தால் ஒரு காலேஜ்.
உரிக்காத தேங்காய் போல ஒரு பந்து.
கால்பந்தாம்.
காலால் தொடுவதே அபூர்வம்.
மாரோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறான் ஒருவன்,
சந்தையில் களவாடியவன் மாதிரி.
பதினோரு பேர் அவன்மேல் விழுகிறார்கள்.
எழுந்து, மண்ணைத் தட்டி, வரிசையாய்க் குனிந்து,
மறுபடி முதலிலிருந்து.

"படிக்கப் போன எடத்துல இது எந்த வகுப்பு?"
ஒதியஞ்சாலைத் திடலில் ஒரு மில் பையன் கேட்டான்.
"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை"
என்றார் சவரிராயலு, மூச்சு விடாமல்.

நடுநடுவே எழுத்து வரும், இங்கிலீஷில்.
அவர் படித்ததோ பிரெஞ்சுப் பள்ளிக்கூடம்.
மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டு குமாஸ்தா எழுந்து
"அதுல அப்படி எழுதலையே" என்றார்.
"எழுதுனத நீங்க படிங்க,
நடந்தத நான் சொல்றேன்."
குமாஸ்தா உட்கார்ந்தார்.
அடுத்த வாரம் மனைவியோடு வந்தார்.

ஆறாம் ரீலில்
தொப்பி வைத்த ஒருவன் உறையில் பணம் நீட்டுவான்:
நாளைக்குத் தோற்றுக்கொடு.
வாங்குவதும் இல்லை, தள்ளுவதும் இல்லை அவன்.
ஜன்னலில் ஒரு பெண் அதைப் பார்த்துவிடுவாள்.
மழை பிடிக்கும்.
ஏழாம் ரீலில் ஆட்டம்.

ஏழாம் ரீல் எங்களிடம் இல்லை.
முதல் ஊரான நெல்லிக்குப்பத்திலேயே எரிந்துபோனது.
விளக்குக்குப் பழுது என்று முதலாளியிடம் சொன்னேன்.
விளக்கில் ஒன்றுமில்லை.
மழையில் குடையில்லாமல் அந்தப் பெண் வந்து நின்றாள்,
நான் கைப்பிடியை நிறுத்திவிட்டேன்.
அவள் கன்னத்தில் ஒரு பழுப்புப் புள்ளி விழுந்தது,
பிறகு முகமே இல்லை.

அதன்பின் முடிவு சவரிராயலுவின் வாயில்.
வெறும் வெள்ளைத் திரை.
அதன் முன்னே அவர் ஓடுவார், விழுவார், சேறு வழிப்பார்.
கொட்டகை எந்தக் கரையோ
கதாநாயகன் அந்த ஊர்.
புதுச்சேரியில் புதுச்சேரி ஜெயிக்கும்,
பெண்ணையாறு தாண்டினால் கடலூர்.
உறைப் பணம் ஓரிடத்தில் மாதா கோயில் உண்டியலுக்குப் போகும்,
ஓரிடத்தில் தொப்பிக்காரன் மூஞ்சிக்கு.
யாரும் காசைத் திருப்பிக் கேட்டதில்லை.

சோரியாங்குப்பத்தில் மாட்டிக்கொண்டோம்.
சாராயத்துக்கு ஆறு கடந்து வந்த கடலூர்க்காரர்கள் இந்தப் பக்கம்,
பாகூர் ஆட்கள் அந்தப் பக்கம்,
நடுவே ஒரு கயிறுகூட இல்லை.
திரை வெளுத்தது.
சவரிராயலு திரும்பி என்னைப் பார்த்தார்.
முதல் தடவையாக எச்சில் விழுங்கினார்.

"பந்து எழும்பிடுச்சு" என்றார்.
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

சிலர் திரையைப் பார்த்தார்கள்,
சிலர் அண்ணாந்து கூரைத் துணியை.
"வரட்டும்யா, எறங்காமலா போயிடும்"
என்றான் ஒரு குடிகாரன்.
பீடிப் புகை வெளிச்சத்தில் ஏறியது.
ஓடக்காரன் கடைசி நடைக்குக் குரல் கொடுத்தான்.
கடலூர் எழுந்து போனது, கழுத்தைத் திருப்பித் திருப்பி.
மூன்று பேர் அரையணாவைத் திருப்பிக் கேட்டார்கள்.
கொடுத்தோம்.

என் சட்டைப் பையில் நாலு விரற்கடை பிலிம் இருந்தது,
நெருப்புக்குத் தப்பிய நுனி.
நாலு சட்டத்திலும் ஒரே படம்:
சேற்றில் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு கையும் காலி.
மிளகு அளவு முகம்.
அழுகிறானா சிரிக்கிறானா,
எத்தனை தடவை விளக்கில் பிடித்தும் தெரியவில்லை.

அவரிடம் காட்டலாமென்று அன்று வாயெடுத்தேன்.
பிலிம் இல்லாத எந்திரத்தை
என் கை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.